பதினோராவது நாற்காலி

ஜகார்த்தா
பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒலாந்தினா எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிறு மட்டும் இந்த ஊர் எண்ணெயோடு இன்னும் சமாதானம் ஆகவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நம் மலைக்கு செல்போன் கோபுரம் வரும்வரை கடிதம்தான் கதி. தூதரகப் பையில் டிலிக்கு அனுப்புகிறேன். சித்தி மகள் ஜூலியேத்தா எடுத்து மௌபிசி லாரியில் கொடுத்துவிடுவாள்.

ஆசியான் கூட்டமைப்பின் கூடத்தில் நம் கொடி பதினோராவதாக நிற்கிறது. நாற்காலியும் பதினோராவதுதான். மேசையின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில். அதில் உட்கார நான்கு பேர் மாற்றி மாற்றிப் போகிறோம், ஏனென்றால் நம் அலுவலகத்தில் இருப்பதே நான்கு பேர். எங்கள் தூதர் செஃபெரினோ அய்யா முதல் நாளே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இதோ பாரும்மா, நாம புது மருமக. முதல் வருஷம் தலையக் குனிஞ்சுக்கிட்டே பரிமாறணும். உப்பு கூடிப்போச்சுன்னு மாமியாருகிட்ட சொல்லக் கூடாது."

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை மியன்மார். அங்கே நடக்கும் சண்டை பற்றிக் கூட்டமைப்பு ஓர் அறிக்கை தயாரிக்கிறது. வரிவரியாகப் பேசி முடிக்க அக்டோபர் ஆகிவிடும்.

சந்தையில் மீன்காரி எந்த ஊர் என்று கேட்டாள். திமோர் என்றேன். "அட, நம்ம திமோரா!" என்று சொல்லி ஒரு மீன் கூடப் போட்டாள். கோபப்படுவதா வாங்கிக்கொள்வதா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன். இந்தோனேசியா நம் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாஷை இங்கே மீன் வாங்க உதவுகிறது.

அம்மாவின் கையை என் நெற்றியில் வைத்துக்கொண்டதாக நினைத்து முடிக்கிறேன்.

உன் தங்கை,
ஒலாந்தினா


மௌபிசி மலை
மார்ச் 1

மாதா துணை

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் அபிலியோ. இங்கே எல்லோரும் சுகம், முழங்காலைத் தவிர. அதுவும் மழை விட்டால் சரியாகும் என்று முழங்காலின் சொந்தக்காரியே சொல்கிறாள். காப்பி பூத்துவிட்டது. ஜனவரி மழையில் மின்கம்பம் சாய்ந்தது, இன்னும் யாரும் வந்து நிமிர்த்தவில்லை. நீ பெரிய இடத்தில் இருக்கிறாய், பதினொரு நாட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்.

மீன் வாங்கிக்கொண்டது சரிதான். மீன் என்ன பாவம் செய்தது?

ஒரு விஷயம். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீ போன வாரத்திலிருந்து அம்மா ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இல்லை. சாயங்காலம் பனிமூட்டம் இறங்கும் நேரத்தில், பின்கதவுக்கு வெளியே. சோளமும் பூசணியும், ஓரத்தில் வெற்றிலை பாக்கு. யாருக்கு என்று கேட்டேன்.

"உங்கப்பாவுக்குத்தான். காப்பி மரத்துக்கிட்ட நிக்கறாரு. மெலிஞ்சிட்டாரு."

"அம்மா, உடம்பு கிடைக்காம அப்பா சட்டையத்தான் புதைச்சாச்சே. சாமியார் வந்து மந்திரிச்சாரே."

"சட்டையத்தானேடா புதைச்சீங்க?"

தட்டை மறுநாள் பார்த்தால் அப்படியே இருக்கிறது. ஆனால் நம் நாய், செருப்பையே தின்கிற நாய், அந்தத் தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுபடி சுகம்.
அபிலியோ


ஜகார்த்தா
மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

நலம். உங்கள் நலம் வேண்டும். கடிதம் கிடைத்தது. அம்மாவைத் திட்டாதே. வயசாகிறது. மௌபிசியில் புதிய டாக்டர் வந்திருக்கிறாராம், ஒரு நடை கூட்டிக்கொண்டு போ. தூங்குகிறாளா என்று பார்.

இங்கே வேலை அதிகம். யார் யாரோ பார்க்க வருகிறார்கள். எல்லோருக்கும் ஏதோ வேண்டும், நம்மிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. நாங்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்பதால் எங்களிடம் கதவு திறந்திருக்கும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

மற்றவை பிறகு.

ஒலாந்தினா


மௌபிசி மலை
ஏப்ரல் 12

மாதா துணை

தங்கச்சிக்கு,

உன் கடிதம் சின்னதாக இருந்ததால் உடம்பு சரியில்லையோ என்று அம்மா கவலைப்பட்டாள். நான் பரவாயில்லை. பெரிய வெள்ளிக்குக் கோயிலில் சிலுவை தூக்கியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

டாக்டரிடம் போனோம். சின்னப் பையன், நல்லவன். அம்மாவை ஒரு மணி நேரம் பேசவிட்டுக் கேட்டான். "ஐயா, உங்கம்மாவுக்குப் புத்தி உங்களவிட, என்னவிடத் தெளிவா இருக்கு. முட்டிக்குத் தைலம் தர்றேன்" என்று அனுப்பிவிட்டான்.

இப்போது தட்டு இரண்டாகிவிட்டது. அப்பா தனியாக வரவில்லையாம். கூட ஓர் இளவட்டம். வெள்ளைச் சட்டை, இடுப்பில் பச்சைத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறானாம். "நம்ம ஊரு நெசவு இல்லடா. கோடு இல்ல, பூ இல்ல. வெறும் பச்சை. கணுக்கால் வரைக்கும்." அவன் பேசுவது அம்மாவுக்குப் புரியவில்லையாம். அப்பாவுக்கும் புரியவில்லையாம். ஆனாலும் அப்பா அவனைத் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.

"அவன எதுக்கு இவரு கூட்டிட்டு வர்றாருன்னு உன் தங்கச்சிகிட்ட கேளு" என்றாள்.

உன்னிடம் ஏன் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

அபிலியோ


ஜகார்த்தா
மே 2

அண்ணா,

நலமா? நேராக விஷயத்துக்கு வருகிறேன். பச்சை என்று அம்மா நிச்சயமாகச் சொன்னாளா? யாராவது அம்மாவிடம் படம் ஏதும் காட்டினார்களா? பக்கத்து வீட்டில் டிவி பார்த்தாளா? உடனே எழுது.

மார்ச் மாதம் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். தின்சார் என்று பெயர், அவர்கள் ஊர் வழக்கப்படி கன்னத்தில் மஞ்சள் பசை பூசியிருந்தாள். மியன்மாரிலிருந்து தப்பி வந்தவள், இங்கே ஒரு தையல்கடையில் வேலை செய்கிறாள். அவள் தம்பி பள்ளிக்கூட வாத்தியார். ஒருநாள் வகுப்பு நடக்கும்போது ராணுவத்தினர் வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எந்தச் சிறையிலும் அவன் பெயர் இல்லை. "எந்த நாட்டுக்காரரும் உள்ள விடலம்மா. நீங்க விட்டீங்க. ஒங்க வீட்லயும் இப்படி ஆயிருக்குன்னு சொன்னாங்க" என்றாள். தம்பியின் படத்தை என் மேசையில் வைத்தாள். வாத்தியார்களுக்கு அங்கே ஒரு சீருடை உண்டு. வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி.

இதை நான் இதுவரை உனக்கு எழுதவில்லை. அலுவலகத்திலும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த அறிக்கையில் ஒரு வாக்கியம் இருக்கிறது: காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு உண்மையை அறிய உரிமை உண்டு என்று. எழுதியது நான். மே 14 அன்று அந்தப் பக்கம் விவாதத்துக்கு வருகிறது.

அம்மாவிடம் எதுவும் கேட்காதே. வேண்டாம், கேள்.

ஒலாந்தினா


மௌபிசி மலை
மே 30

மாதா துணை

அன்புத் தங்கச்சிக்கு,

அனைவரும் சுகம். காப்பிப் பழம் பறிக்க ஆரம்பித்துவிட்டோம். விரலெல்லாம் பிசின், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

டிவி ஏது? இன்னும் மின்சாரமே வரவில்லை. படம் யாரும் காட்டவில்லை. உன் கடிதத்தை நான் மட்டும்தான் படித்தேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. பயமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

கூட்டம் எப்படி நடந்தது? ஏன் கேட்கிறேன் என்றால், இந்த மாத நடுவில் ஒரு வியாழக்கிழமை நான் பழம் கொட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தட்டுகளோடு பின்வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கிட்டப் போனேன்.

"திரும்பி நிக்கறாங்கடா."

"யாரு?"

"எல்லாரும். முதுகக் காட்டிட்டு நிக்கறாங்க. உங்கப்பாவுந்தான்."

எனக்குப் பனிமூட்டம் மட்டும்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அம்மா தட்டு வைப்பதில்லை. வைத்தால் வாங்கமாட்டார்களாம். பேச்சும் குறைந்துவிட்டது. மௌபிசி நாட்காட்டியில் பார்த்தேன், அந்த வியாழன் பதினான்காம் தேதி.

அங்கே என்ன நடந்தது, லாந்தி?

அபிலியோ


மௌபிசி மலை
ஜூன் 28

தங்கச்சிக்கு,

பதில் இல்லை. ஜூலியேத்தா ஒவ்வொரு வாரமும் பையைத் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறாள். உடம்புக்கு ஏதுமா? ஒரு வரி போதும்.

அபிலியோ


ஜகார்த்தா
ஜூலை 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்காருவேன், தேதி மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

மே 14 காலை செஃபெரினோ அய்யா என்னோடு காரில் வந்தார். "அந்த ஒரு வரிய விட்டுடும்மா. நம்மள உள்ள சேர்க்கச் சொல்லி வாதாடினவங்களே இப்ப அத எடுக்கச் சொல்றாங்க. ரோடு அவங்க போடறது. அரிசி அவங்ககிட்ட வாங்கறது. முதல் வருஷமே முறைச்சுக்கிட்டா எப்படி?" என்றார். அவர் கெட்டவர் இல்லை அண்ணா. அவருடைய அண்ணன்மார் இரண்டு பேர் அந்தக் காலத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள்தான்.

கூட்டத்தில் யாரும் என்னை ஆமாம் சொல்லச் சொல்லவில்லை. இங்கே ஓட்டுப்போடுவது கிடையாது. தலைவர் வாக்கியத்தைப் படித்து, இதை நீக்குவதில் யாருக்கும் மறுப்பு உண்டா என்று கேட்டார். யாரும் பேசாவிட்டால் சம்மதம். நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோடு போட்ட சத்தம் கேட்டது.

மியன்மாரின் நாற்காலி எனக்கு நேர் எதிரே. அன்று அதில் யாரும் உட்காரவில்லை, ஆனால் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். நான் எழுந்தபோது அந்தக் கோப்பை பாதி காலியாக இருந்தது. யாரோ எடுத்துக் குடித்திருப்பார்கள். நானே அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

தின்சார் பிறகு வரவே இல்லை.

இன்னொன்று. என் வீட்டுக்கார அம்மா, ராத்மி என்று பெயர், போன ஞாயிறு மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்: "அண்ணன் எப்ப வந்தாரு? சொல்லவே இல்லையே!"

"எங்கண்ணனா? அவரு ஊர்லதானே இருக்காரு."

"கேட்டுக்கு வெளிய நிக்கறாரே. உன் மூஞ்சி அப்படியே. ரெண்டு நாளா பாக்கறேன். உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கறாரு. தொப்பிய நெஞ்சுல வெச்சுக்கிட்டு, ஏதோ ஆபீசர் முன்னாடி நிக்கற மாதிரி நிக்கறாரு."

ஓடிப் போய்ப் பார்த்தேன். தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

நீ இல்லை என்றால் அப்பாவோ? எனக்கு அவர் முகம் தெரியாது. இந்தோனேசியச் சிப்பாய்கள் அவரைக் கொண்டுபோனபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். ஒரு போட்டோகூட இல்லை. உனக்கு ஆறு வயசு. உனக்காவது ஞாபகம் இருக்கிறதா? தொப்பி போடுவாரா?

ஒலாந்தினா


மௌபிசி மலை
ஆகஸ்ட் 10

மாதா துணை

என் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ தைரியமாக இரு.

இந்தத் தடவை கடிதத்தை அம்மாவுக்கு முழுக்க வாசித்தேன். தொப்பி வந்த இடத்தில் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

எனக்கு முகம் ஞாபகம் இல்லை, லாந்தி. வண்டி ஞாபகம் இருக்கிறது. அதன் பின்பக்கம் தொங்கிய சங்கிலி ஞாபகம் இருக்கிறது. முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அம்மாதான் சொன்னாள். அன்றைக்கு அவர்கள் பெயரைக் கூப்பிட்டபோது அப்பா காப்பிக் களத்திலிருந்து வந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாராம். விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம் என்று சொன்னார்களாம். இதை அவள் நம்மிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு, நீ எழுதிய அந்த வாக்கியம் என்ன என்று கேட்டாள், உன் மே மாதக் கடிதத்தை எடுத்தேன். படித்தேன். நம் பாஷையில் அதைச் சொல்லத் தெரியாமல் "காணாமப் போனவங்க" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"போனவங்களா? உங்கப்பா எங்கடா போனாரு? அவரு எங்கயும் போகல. கூட்டிட்டுப் போனாங்க. ஆடு மாடுதான் காணாமப் போகும். எழுதறவளுக்கு அது தெரியாதா?"

உனக்குத் தெரியும் என்று சொன்னேன். கோடு போட்டது அந்த வரியின் மேல்தான் என்பதையும் சொன்னேன். முறத்தை மறுபடி எடுத்துப் புடைத்தாள். கடைசியில் சொன்னாள்: "அவகிட்ட சொல்லு. அவ ஒண்ணும் தப்பு பண்ணல, பயந்துட்டா. நானும் அன்னைக்கு வாயத் தொறக்கல. வயித்துல இவ இருந்தா."

அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அபிலியோ


ஜகார்த்தா
செப்டம்பர் 13

அன்புள்ள அண்ணனுக்கும் அம்மாவுக்கும்,

நலமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

அறிக்கையை அமைச்சர்களுக்கு அனுப்பும் முன் கடைசியாக ஒருமுறை முழுதும் படிப்பது வழக்கம். வியாழனன்று படித்தார்கள். அய்யாவுக்குக் காய்ச்சல், நான் மட்டும் போனேன். காய்ச்சல் உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. "நீயே பாத்துக்கம்மா" என்று போனில் சொன்னார். எதைப் பார்த்துக்கொள்ள என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தலைவர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். மறுப்பு உண்டா என்றார். நான் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைத்தேன். பேச வேண்டும் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். பலகை சாய்ந்து விழுந்துவிட்டது. மறுபடி நிமிர்த்தினேன்.

"மே மாதம் எடுத்த வரி திரும்ப வராமல் இதற்கு எங்கள் நாடு சம்மதிக்கவில்லை" என்றேன்.

ஒரு பழைய உறுப்பு நாட்டுக்காரர், எந்த நாடு என்பது வேண்டாம், சிரித்துக்கொண்டே திரும்பினார். "சகோதரி, வந்து ஒரு வருஷம் ஆகல. இங்க ஒரு பழக்கம் இருக்கு. ஒருத்தர் வீட்டு விஷயத்துல இன்னொருத்தர் தலையிடமாட்டோம்."

"அந்தப் பழக்கம் இருந்த காலத்துல எங்க வீட்டு விஷயம் நடந்தது, சார். அப்பவும் யாரும் தலையிடல."

சிரிப்பு நின்றது. பிறகு அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். சரி, "காணாமல் போனவர்கள்" என்று போட்டுக்கொள்வோமே என்றார். நான் அம்மா சொன்னதைச் சொன்னேன், ஆடு மாட்டோடு சேர்த்து. அதிகாரிகள் பேச்சில் அது எடுபடுமா என்று யோசிக்கவே இல்லை.

அப்போது மேசையின் அந்தப் பக்கத்தில் இன்னொரு பலகை நிமிர்ந்தது. அவரும் பிந்திச் சேர்ந்த நாட்டுக்காரர்தான், தொண்ணூறுகளில் வந்தவர்கள். எப்போதும் வாயே திறக்காதவர். அவர் ஊரில் எங்கே தோண்டினாலும் எலும்பு வரும் என்பார்கள். "எங்களுக்கும் அந்த வரி வேண்டும்" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் மறுத்த பிறகு ஒருமித்த சம்மதம் என்று தலைவர் சொல்ல முடியாது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்வரை இழுத்தார்கள். விசாரணை, தண்டனை என்று ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் அந்த வரி திரும்ப வந்துவிட்டது, "ஆக்கப்பட்டவர்கள்" என்றே.

அண்ணா, இதை அம்மாவுக்கு வாசிக்காதே. நான் பேசும்போது எதிர்ச்சுவர் ஓரமாக, காலி நாற்காலிக்குப் பின்னால், ஆட்கள் நின்றார்கள். உதவியாளர்கள் என்று நினைத்தேன். பேசி முடித்து நிமிர்ந்து பார்த்தேன். யாருடைய முதுகும் தெரியவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் கடைசியில் என்னை டிலிக்குத் திரும்ப வரச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. ஆலோசனைக்காம். அய்யாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மேசைக்கு வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தின்சாரின் கடைக்குப் போய்ச் சொன்னேன். அந்த ஒரு வரியைத் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். தம்பி வரப்போவதில்லை, அவளுக்கும் தெரியும்.

உங்கள்
ஒலாந்தினா


மௌபிசி மலை
நவம்பர் 4

மாதா துணை

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம், அம்மா சுகம். முழங்கால்கூடச் சுகம், அல்லது அதைப் பற்றிப் பேச அவளுக்கு நேரமில்லை.

அமைச்சர்கள் கையெழுத்துப் போட்டதை லாரிக்காரன் ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து சொன்னான். அன்றைக்கே அம்மா பெரிய பானையை ஏற்றினாள். தட்டுகள் வெளியே இல்லை, வீட்டுக்குள். பாய் முழுக்கப் பரப்பினாள். பின்கதவைத் திறந்து வைத்தாள். நான் திண்டாடிப்போய் அடுப்பங்கரையிலேயே நின்றேன்.

யாரையும் பார்த்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாய் அழுந்தும் சத்தம் கேட்டது. தட்டில் விரல் வழிக்கிற சத்தம் கேட்டது. புரியாத பாஷையில் யாரோ மெதுவாக ஏதோ சொல்ல, இன்னொருவர் சிரித்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஆளுக்கு ஆள் போனது. ஆளே இல்லாத இடத்தில் ஆளுக்கு ஆள். அம்மா சோற்றுக் கரண்டியோடு வரிசையாகக் குனிந்து நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். தினமும் பானை பெரிதாகிறது. மஞ்சள் பூசிய முகங்கள் இருக்கின்றனவாம். மீன்காரி பாஷை பேசுகிறவர்கள்கூட இரண்டு பேர் இருக்கிறார்களாம். அவர்கள் ஊரிலும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் போல.

முந்தாநாள் கல்லறைத் திருநாள். பூ வைத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் பரிமாறும்போது அம்மா சொன்னாள்:

"உங்கப்பா இன்னும் உள்ள வரல. வெளிய போய்க் கூப்பிடு."

"நானா?"

"நீதானே மூத்தவன்."

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பனி இறங்கியிருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கும் தெரிந்தது, லாந்தி. காப்பி மரங்களுக்கு நடுவில் நின்றார்கள், பாதை நெடுக நின்றார்கள், சரிவில் இறங்கிக் கண்ணுக்கு எட்டிய வரை நின்றார்கள். ஆண், பெண், எல்லா ஊர்த் துணியிலும். யாரும் தள்ளவில்லை, பேசவில்லை. தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். இதில் என் அப்பா யார் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் என்னைவிடச் சின்ன வயசு. நடுவழியில் நின்று, யாரையும் பார்க்காமல், "அப்பா, சாப்பிட வாங்க" என்று சத்தமாகச் சொன்னேன்.

எனக்குப் பின்னாலிருந்து, நம் பாஷையில், ஓர் இளம் குரல் சொன்னது:

"முதல்ல விருந்தாளிங்க சாப்பிடட்டும்டா. நம்ம வீடுதானே, நான் எங்க போயிடப் போறேன்."

திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை முன்னால் நின்றவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

நீ வரும்போது டிலியில் ஒரு மூட்டை அரிசி சொல்லிவிட்டு வா. நல்லபடியாக வந்து சேர்.

உன் அண்ணன்,
அபிலியோ